பெயரில்லாத கெண்டை

பெண் பார்க்க வந்த அன்றைக்கே தாரணி சொல்லிவிட்டாள்.

“கல்யாணத்துக்கு அப்புறமும் நான் ஏரி, குளம்னு போய்க்கிட்டேதான் இருப்பேன். அதுக்கு மட்டும் யாரும் குறுக்க வரக் கூடாது.”

பரத் தலையாட்டினான். ஏரிக்கரையில் வாக்கிங் போகிற பழக்கம் போலிருக்கிறது, உடம்புக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டான். அவள் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று தரகர் சொல்லியிருந்தார்தான். ஆனால் ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மூடிய அறைக்குள் செய்வது என்பது அவன் எண்ணம். இடுப்பளவுச் சேற்றில் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அது 1999. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி குழம்பிப் படுத்துவிடும் என்று அமெரிக்க வங்கிகள் நடுங்கிக்கொண்டிருந்த வருஷம். அந்த நடுக்கத்தில்தான் ஆரணிக்காரனான பரத்துக்கு வைட்ஃபீல்டில் வேலை கிடைத்திருந்தது. பொம்மனஹள்ளியில் மாடி போர்ஷன் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். கீழே வீட்டுக்காரம்மா மங்களம். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருந்த சைவ முதலியார் குடும்பம்; கணவர் போன பிறகு இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு தனியாக வந்துவிட்டவர். முட்டைகூடத் தன் வாசற்படி தாண்டக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

புதுமணத் தம்பதிக்குள் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பேச்சுமில்லை என்பதுதான் குறை. “சாப்டீங்களா?”, “பஸ் லேட்டா?”, “தண்ணி வந்துச்சா?” இதற்கு மேல் ஒருவருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒரே பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட இரண்டு புதுப் பிள்ளைகள் மாதிரி மரியாதையாக இருந்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு காலையில் மங்களம் கீழேயிருந்து கூப்பிட்டார். மாடியில் போன் கிடையாது. வருகிற அழைப்பெல்லாம் அவர் வீட்டுக்குத்தான். தாரணி ஓடிப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“உமேஷ் பேசினான். சந்தாபுரா தாண்டி ஒரு குண்டெ இருக்குன்னு சொன்னேன்ல, அதுல மண் கொட்ட லாரி வந்துருச்சாம். லே அவுட் போடறாங்களாம். உங்களால என்னை வண்டியில கொண்டுபோய் விட முடியுமா?”

உமேஷ் அந்தக் குளத்தருகே டீக்கடை வைத்திருப்பவன். பரத் ஆபீசுக்குப் புறப்பட்டு நின்றிருந்தான். கடிகாரத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

ஹோசூர் ரோடு முழுக்க அவள் பின்னாலிருந்து அவன் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. அந்தக் குளத்துக்கு ஹுணசெ குண்டெ என்று பெயர், கரையில் நிற்கும் புளியமரத்தால் வந்த பெயர். போன வருஷம் அங்கே வலை போட்டபோது சின்னக் கெண்டைகள் இரண்டு அகப்பட்டன. விரல் நீளம், செம்பு நிறம், வால் பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு. சாதாரணக் கெண்டைதான் என்று தூக்கி எறியப் போனவள் திரும்பப் பார்த்தாள். வாயோரத்தில் மீசை இல்லை. உடம்பின் பக்கவாட்டில் தலை முதல் வால் வரை ஓட வேண்டிய கோடு பாதியிலேயே நின்றுவிட்டது. இருக்கிற புத்தகம் எதிலும் அந்த மீன் இல்லை. சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த ஏரியிலும் இல்லை.

“அப்போ உலகத்துலயே அந்த ஒரு குளத்துலதானா?” என்றான் பரத்.

“எனக்குத் தெரிஞ்சவரைக்கும்.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குளத்தின் ஒரு மூலை ஏற்கெனவே மண்மேடாகிவிட்டிருந்தது. வெயிலில் வற்றி, நான்கு அறை அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். இரண்டு லாரிகள் பின்புறம் திருப்பி நின்றன. தாரணி மேற்பார்வை பார்த்தவனிடம் கன்னடத்தில் கெஞ்சினாள். “ஆகல்லம்மா, ஆகல்ல” என்று அவன் கையை வீசினான். அவனுக்கு அன்றைக்குள் வேலை முடிய வேண்டும். மீனுக்காக லாரியை நிறுத்தச் சொல்கிற பெண்ணை அவன் பார்த்ததில்லை.

தாரணியின் குரல் உடைந்தது.  பேச்சில் தனக்குச் சாமர்த்தியம் போதாது என்று பரத்துக்குத் தெரியும். ஷூவைக் கழற்றினான். பேண்டை முழங்காலுக்குச் சுருட்டினான். இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையுமாக அவன் தண்ணீருக்குள் இறங்கி லாரிக்கு நேராக நின்றுகொண்டான்.

லாரி டிரைவர் தருமபுரிக்காரர். தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏன் சார், ஆபீஸ் போற டிரஸ்ல குளிக்கிறீங்க?” என்றவர், விஷயம் கேட்டதும் இன்ஜினை அணைத்தார். “சரி, நாங்க டீ குடிச்சிட்டு, ரெண்டு இட்லி தின்னுட்டு வர்றோம். மெதுவாத்தான் தின்போம். அதுக்குள்ள பிடிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு இன்னொரு டிரைவரையும் இழுத்துக்கொண்டு உமேஷ் கடைக்கு நடந்தார். லாரி ஓட்ட ஆளில்லாமல் மேற்பார்வைக்காரன் மட்டும் என்ன செய்வான்?

வலையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவன். “இழுக்காதீங்க, தரையோட தடவிக்கிட்டு வாங்க” என்றாள். தடவினான். இரண்டு தடவை விழுந்தான். வலையைத் தூக்கும்போதெல்லாம் சேறும் பாசியும் ஜிலேபி மீன்களும் வந்தன. நடுவில் ஒன்று, இரண்டு என்று செம்பு நிறத்தில் மின்னிக்கொண்டு அவை. இருபதுக்குக் கொஞ்சம் மேலே தேறியது. டிரைவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவ்வளவுதான்.

இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் மீன்கள் ஊர்வலமாக வீட்டுக்கு வந்தன. ஒன்று அவன் கால்களுக்கிடையில், இன்னொன்று அவள் மடியில். ஆராய்ச்சிக்கூடத்து மீன் தொட்டிகளில் அப்போது ஏதோ நோய் பரவியிருந்ததால் அங்கே வைக்க முடியாது. மாடி வீட்டின் இரண்டாவது அறையில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள் வந்து உட்கார்ந்தன. காற்றுக்குமிழ் விடும் சின்ன மோட்டார் ராப்பகலாகக் குறுகுறுவென்று ஓடியது.

அதற்குப் பிறகு பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆபீசிலிருந்து வந்ததும் பரத் நேரே அந்த அறைக்குப் போவான். பொட்டு பெரிதாக இருக்கிற ஆண்மீன் மற்றவற்றை விரட்டுகிறது, கிழிந்த வால்காரி இன்று சாப்பிட்டாள், அதோ அந்தச் சின்னது எப்போதும் மூலையிலேயே நிற்கிறதே ஏன் என்று அவனுக்கு ஆயிரம் கேள்விகள். தாரணி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே பதில் சொல்வாள். சில சமயம் மாவுக்கையோடு வந்து கண்ணாடியில் தொட்டுக் காட்டுவாள். கண்ணாடி முழுக்க மாவு விரல்கள்.

ஏப்ரல் கடைசியில் அவளுடைய பேராசிரியர் சுந்தரராமன் மீன்களைப் பார்க்க வந்தார். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“புதுசுதான் தாரணி. எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உங்கிட்ட பதப்படுத்தின மீன் ரெண்டுதான் இருக்கு, அதுல ஒண்ணு சிதைஞ்சுபோனது. அதை வச்சு எவனும் ஒத்துக்க மாட்டான். இதுல இருந்து ஒரு அஞ்சாறாவது எடுத்தாகணும்.”

தாரணி எழுந்தாள். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் போன பிறகு பரத் கேட்டான். “எடுக்கணும்னா?”

“கொல்லணும். கொன்னு, பாட்டில்ல போட்டு, மியூசியத்துல வைக்கணும். நாளைக்கு யாராவது இதே மாதிரி மீனைப் பிடிச்சா, அதோட ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு. அப்படி வச்சாத்தான் பேர் வைக்க விடுவாங்க.”

“பேர் வைக்கிறதுக்காகவா கொல்லணும்?”

“பேர் இல்லேன்னா சட்டத்துக்கு இது இல்லவே இல்லைங்க. இல்லாத மீனுக்காக எந்தக் குளத்தைக் காப்பாத்தச் சொல்லி யார்கிட்ட போய் நிக்கிறது?”

அவள் நூற்றுக்கணக்கான மீன்களைப் பதப்படுத்தியவள். பழகிய கை. அன்று மாலை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, மீனை வலியில்லாமல் மயக்குகிற கிராம்பு எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். வீடு முழுக்கப் பல்வலி மருந்து மாதிரி வாசனை அடித்தது. வலையைத் தண்ணீருக்குள் விட்டாள். மீன்கள் தீனி என்று நினைத்து வலையை நோக்கி வந்தன. விலகி ஓடியிருந்தால்கூடப் பிடித்திருப்பாள். வலையை எடுத்துவிட்டுப் பாட்டிலை மூடினாள்.

“என்னால முடியலைங்க” என்றாள். “வேற எங்கயும் இல்லாதப்போ எப்படி?”

பரத்துக்கு அவள் தோளில் கை வைக்கலாமா என்று தயக்கம். வைத்தான். அவள் அந்தக் கையின்மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

முதலில் இருக்கிற இரண்டையும் கல்கத்தா மியூசியத்துக்கு எடுத்துப் போய் அங்கே நூறு வருஷமாகச் சேர்த்துவைத்திருக்கும் கெண்டைகளோடு ஒப்பிட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பழைய பாட்டில் ஏதாவதொன்றில் இதே மீன் இருந்துவிட்டால் கொலைக்கே வேலையில்லை. மே மாதத்தில் அவள் ரயில் ஏறினாள். ஏறுவதற்குமுன் தீனி, தண்ணீர், மோட்டார் எல்லாவற்றையும் அவனுக்கு ஒப்பித்துக் காட்டினாள். “தினம் ஏழு மணிக்கு மேல எஸ்டிடி பூத்திலேருந்து கூப்பிடறேன்” என்றாள். ரயில் நகரும்போது அவனுக்குக் கையசைத்தாள். பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டி, “கிழிஞ்ச வால்காரியைப் பாத்துக்குங்க!” என்று கத்தினாள்.

பார்த்துக்கொண்டான். வெயில் மண்டையைப் பிளந்தது; தொட்டித் தண்ணீர் தினமும் இறங்கியது. டிரம்மில் பிடித்து வைத்திருந்ததை ஊற்றி ஊற்றிச் சரிக்கட்டினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரம் தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் வருவது போர்த் தண்ணீர்தானே, அவளும் அவசரத்துக்கு நேராகக் குழாயிலிருந்து பிடித்து ஊற்றுவாளே என்று ஒரு வாளி நிரப்பி முதல் தொட்டியில் ஊற்றினான்.

வாளியைக் கீழே வைத்தபோதுதான் மூக்கில் ஏறியது, நீச்சல் குளத்து நெடி.

முந்தின நாள் அவன் ஆபீசில் இருந்தபோது மங்களம் ஆள் வைத்துத் தண்ணீர் தேக்கும் சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார். சொல்ல மறந்துவிட்டார். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பெரிய பொட்டுக்காரன் பக்கவாட்டில் சாய்ந்து வட்டமடித்தான். பரத் வலையை எடுத்தான். அகப்பட்ட மீன்களை அள்ளி இரண்டாவது தொட்டிக்கு மாற்றினான். அதுவோ சின்னது, ஏற்கெனவே நெருக்கடி. படிகளில் பாய்ந்து இறங்கி, மங்களத்தின் வீட்டுக்குள் புகுந்து, சுந்தரராமன் வீட்டுக்கு போன் செய்தான். நாக்குக் குழறியது.

“ஹைப்போ போடுங்க” என்றார் அவர். “போட்டோ கழுவறவங்க வச்சிருப்பாங்க, கல்லுகல்லா வெள்ளையா இருக்கும். தொட்டிக்கு ஒரு சிட்டிகை. ஓடுங்க! இன்னொண்ணு, செத்தது ஏதாவது இருந்தா வெளியில போட்டுடாதீங்க. ஐஸ்ல வைங்க. நான் வந்திருப்பேன், ஆனா மைசூர்ல கல்யாணம், கார் வாசல்ல நிக்குது. தாரணி போன் பண்ணினா மத்ததைச் சொல்லுவா.”

மெயின் ரோட்டில் கணேசமூர்த்தி ஸ்டூடியோ அப்போதுதான் ஷட்டர் தூக்கிக்கொண்டிருந்தது. லுங்கியும் பனியனுமாக மூச்சிரைக்க வந்து நின்றவனைக் கண்டு கணேசமூர்த்தி பாஸ்போர்ட் சைஸா, குடும்ப போட்டோவா என்று கேட்கவில்லை. மீனுக்கு என்றதும் ஒரு நியூஸ் பேப்பர் துண்டில் கை நிறைய அள்ளிக் கொடுத்தார். “போய்யா, போய்யா, அப்புறம் பேசிக்கலாம்.”

ஹைப்போ கரைந்ததும் நெடி அடங்கியது. மீன்கள் மெல்லக் கீழே இறங்கின. எல்லாம் இறங்கவில்லை. ஆறு மீன்கள் மிதந்தன. பெரிய பொட்டுக்காரன் அதில் ஒருவன். கிழிந்த வால்காரி அதில் ஒருத்தி.

மங்களம் மேலே வந்து வாசலில் நின்றார். முகத்தில் முந்தானையை வைத்துக்கொண்டார். “நான் சொல்லியிருக்கணும் தம்பி. என் புத்தியை என்னன்னு சொல்றது?”

“நான் மோந்து பார்த்திருக்கணும்மா.”

“அந்தப் பொண்ணு வந்து கேட்டா என்னப்பா சொல்லுவோம்?”

பரத் தொட்டிப் பக்கம் திரும்பினான். ஒரு எவர்சில்வர் தட்டில் ஆறு மீன்களையும் கிடத்தினான். ஐஸில் வைக்கச் சொன்னார் என்றான். மாடி வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மங்களம் தட்டைப் பார்த்தார். கையை நீட்டி வாங்கிக்கொண்டு கீழே போனார். தயிரையும் பாலையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, முட்டைகூட நுழையாத தன் ஃபிரிட்ஜின் ஐஸ் அறையை ஒட்டினாற்போல அந்தத் தட்டை வைத்து, மேலே ஒரு மூடி போட்டு மூடினார்.

ஏழு மணிக்கு போன் அடித்தது. எப்படிச் சொல்வதென்று பகல் முழுவதும் ஒத்திகை பார்த்திருந்தவனுக்கு ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை.

“தாரணி, ஆறு மீன் செத்துப்போச்சு. என்னாலதான். குழாய்த் தண்ணியில பிளீச்சிங் இருந்தது, பார்க்காம ஊத்திட்டேன்.”

 மறுமுனையில் கல்கத்தாவின் டிராம் மணி கேட்டது.

“மத்ததெல்லாம்?”

“நல்லா இருக்கு. சாயந்திரம் சாப்பிட்டுச்சு.”

 பூத்திலிருந்த மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் என்று அவனுக்கு அந்த நேரத்திலும் தோன்றியது.

“தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“இல்ல. அம்மா ஃபிரிட்ஜுல இருக்கு.”

“எந்த அம்மா? நம்ம மங்களம் அம்மாவா?” அவள் குரலில் அழுகையும் திகைப்பும் ஒன்றாக வந்தன. “இங்க நான் எல்லாப் பாட்டிலையும் பாத்துட்டேங்க. அந்த மீன் எதுலயும் இல்ல. இது புதுசேதான். கேளுங்க, நீங்க ஒண்ணு செய்யணும். உங்களால முடியுமா?”

“சொல்லு.”

அவள் சொன்னாள், அவன் திருப்பிச் சொன்னான். மாடிக்குப் போய் ஜன்னல்களையெல்லாம் திறந்தான். டிவி பெட்டியோடு வந்த தெர்மோகோல் துண்டை மேஜையில் வைத்தான். மங்களம் தன் தையல் பெட்டியிலிருந்த மெல்லிய குண்டூசிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் டியூப்லைட்டுக்கு நேராக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கட்டிலுக்கடியில் தாரணி வைத்திருந்த பார்மலின் பாட்டிலைத் திறந்ததும் இருவர் கண்ணும் எரிந்தது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டான்.

ஒவ்வொரு மீனாகத் தெர்மோகோலில் படுக்கவைத்து, மடங்கியிருந்த துடுப்புகளை ஊசி முனையால் நீவி விரித்து, விசிறி மாதிரி நிறுத்தி, பின்னால் ஒரு குண்டூசியால் அண்டை கொடுத்து, பஞ்சால் மருந்து தொட்டுத் தடவ வேண்டும். விறைத்த பிறகுதான் பாட்டிலில் போடலாம். முதலில் ஊசியை அழுத்திப் பிடித்துவிட்டான். ஒரு துடுப்பின் நுனி கிழிந்தது. மூன்றாவது மீனுக்கு வரும்போது கை நிதானப்பட்டது. கிழிந்த வால்காரியின் வாலை விரித்தபோது அந்தக் கிழிசல் ஆறிக் கூடத் தொடங்கியிருந்ததைப் பார்த்தான். நாளொன்றுக்கு நான்கு தடவை பார்த்த மீன்தான்; இது கண்ணில் படவே இல்லையே என்று நினைத்துக்கொண்டே அடுத்த குண்டூசியை எடுத்தான்.

“தலைக்கு எண்ணெய் வச்சு விடற மாதிரி செய்யறே தம்பி” என்றார் மங்களம் மெதுவாக.

தாரணி திரும்பி வந்த அன்று ஸ்டேஷனில் அவன் பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய் நின்றிருந்தான். அவள் இறங்கி வந்து பெட்டியைக் கொடுத்தாள்.  வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிகளின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பிறகு மேஜைமேல் இருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பரத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“துடுப்பை எவ்வளவு அழகா விரிச்சிருக்கீங்க” என்றாள். “எங்க லேப்ல ரெண்டு வருஷம் பழகினவங்களுக்குக்கூட இப்படி வராது.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். “திட்டிடு தாரணி. பரவாயில்ல.”

“நான் உங்களை எதுக்குத் திட்டணும்? அன்னைக்கு என் கையால செய்ய முடியலன்னு விட்டுட்டேன். அந்தப் பாவத்தையும் நீங்களே வாங்கிக்கிட்டீங்களேன்னுதான் அழுகை வருது.”

அவன் அவள் கால்களிலிருந்து செருப்பைக் கழற்றினான். 

ஜூன் பிறந்து மழை பிடித்தது. மிச்சமிருந்த மீன்கள் கொழுத்து, பெண்மீன்களின் வயிறு புடைத்தது, ஆனால் முட்டையிடவில்லை. மழைத் தண்ணீரின் குளிர்ச்சி உடம்பில் பட்டால்தான் இந்த ஜாதி முட்டையிடும் என்று தாரணிக்கு ஒரு கணிப்பு. மொட்டை மாடியில் அண்டா, குடம், வாளி, மங்களத்தின் பித்தளைத் தவலை என்று எல்லாவற்றையும் பரப்பி மழையைப் பிடித்தார்கள். தாய்மீன்களே முட்டையைத் தின்றுவிடும் என்பதால் தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பினாள். முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பிக்கும். பொம்மனஹள்ளி மார்க்கெட்டில் அத்தனை கோலிக்குண்டுகளையும் ஒருவனே வாங்குவதைக் கண்டு கடைக்காரர் அவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார்.

சல்லடை வழியாக அவன் மழைத் தண்ணீரைத் தூறலாக ஊற்றினான். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது தாரணி அவனை உலுக்கி எழுப்பினாள். எப்போதும் மூலையில் நிற்குமே அந்தச் சின்னது, அதுதான், உடம்பெல்லாம் செம்பு பழுத்துச் சிவந்து ஒரு பெண்மீனைச் சுற்றிச் சுற்றித் துரத்திக்கொண்டிருந்தது. பாசிக்குள் இரண்டும் ஒட்டி ஒருகணம் நடுங்கின. கடுகில் பாதி அளவில் கண்ணாடி மணிகள் உதிர்ந்து கோலிக்குண்டுகளுக்கிடையில் மறைந்தன.

“போட்டுருச்சு” என்றாள் தாரணி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

குஞ்சுகள் பொரிந்து, தலைமுடித் துண்டுகள் மாதிரி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வேகவைத்த மஞ்சள்கருவைத் துணியில் பிழிந்து கொடுக்க வேண்டும். கோழிமுட்டை! தாரணி கீழே போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். மங்களம் கொஞ்சம் யோசித்தார்.

“மீனே என் ஃபிரிட்ஜுல படுத்துட்டுப் போயிடுச்சு. இனிமே முட்டையைத் தடுத்து என்ன ஆகப்போவுது? மாடிக்கு மட்டும் எடுத்துட்டுப் போ. படியில உடைச்சிடாதே.”

அந்த வருஷக் கடைசிக்குள் குஞ்சுகள் நூறைத் தாண்டிவிட்டன. ஆராய்ச்சிக்கூடத்து வளாகத்தில் சுந்தரராமன் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டவைத்தார். ஒரு பங்கு அங்கே போனது. ஒரே இடத்தில் வைத்தால் ஆபத்து என்று இன்னொரு பங்கு மைசூருக்குப் போனது. புத்தாண்டு இரவில் கம்ப்யூட்டர்கள் ஒன்றும் படுத்துவிடவில்லை; பரத்துக்கு வேலையும் போய்விடவில்லை. அடுத்த வருஷம் கட்டுரை வெளிவந்தது. ஆறு மீன்களில் துடுப்பு சிதையாத ஒன்று, பெரிய பொட்டுக்காரன், அந்த இனத்துக்கே அடையாள மீனாக மியூசியத்துக்குப் போய்விட்டான். உன் பெயரை வைத்துக்கொள்ளலாமே என்று பரத் கேட்டான். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்கிற வழக்கமில்லை என்றாள். அவன் பெயரை வைத்துவிடுவாளோ என்று அவனுக்குள் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது. அதை அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஹுணசெ குண்டெயின் பெயரையே லத்தீனாக்கி வைத்தாள். குளம்தான் இல்லாமல் போய்விட்டது, பெயராவது இருக்கட்டும் என்றாள்.

ஆனால் தொட்டியில் வாழ்கிற மீன் அவளுக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஸ்கூட்டரில் ஆனேக்கல் பக்கம் குளம் குளமாகத் தேடினார்கள். பழைய கல் குவாரிக் குழிகள், கோயில்களின் கல்யாணிக் குளங்கள், ராகி வயல்களுக்கு நடுவே மறைந்துகிடக்கும் குண்டெகள். பல இடங்களில் ஜிலேபி மீனைத் தவிர எதுவுமில்லை. சில இடங்களில் குளமே இல்லை, அபார்ட்மெண்ட் நின்றது. பரத்துக்கு இப்போது வலை விரிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிறு தோறும் முழங்கால் வரை சேறு, மதியம் ஏதாவது ஒரு கடையில் சித்ரான்னம், வெறுங்கையோடு வீடு.

2001 மழை முடிந்த ஒரு காலையில், ஒரு கிராமத்துக்கு வெளியே பாறைகளுக்கு நடுவிலிருந்த நீண்ட குட்டையில் வலையைத் தூக்கியபோது பரத் குனிந்து பார்த்தான். பாசிக்கு நடுவே செம்பு நிறத்தில் ஒன்று துள்ளிற்று. வால் பக்கம் பொட்டு.

“தாரணி.”

அவள் வந்து உள்ளங்கையில் தண்ணீரோடு அதை ஏந்தினாள். மீசை இல்லை. பக்கவாட்டுக் கோடு பாதியில் நின்றிருந்தது. முழங்காலளவுத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புடைத்த வயிறோடு பெண்மீன். அருகே தண்ணீருக்குள் குஞ்சுக் கூட்டம் ஒன்று திரும்பி ஒளிர்ந்தது.

“பாட்டில் வண்டியில இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?” என்றான்.

“வேண்டாங்க. இதுக்குத்தான் பேர் இருக்கே.”

விரல்களை விரித்தாள். மீன் ஒருகணம் உள்ளங்கையிலேயே நின்றது, பிறகு போய்விட்டது.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் இருவர் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாரணி சொட்டச் சொட்ட எழுந்துபோய், இந்தக் குட்டை யாருடையது, கோடையில் வற்றுமா, யாராவது விலை பேசுகிறார்களா என்று கன்னடத்தில் கேட்க ஆரம்பித்தாள். அவர்கள் பஞ்சாயத்து மெம்பரின் வீட்டைக் கைகாட்டினார்கள்.

“ஈர டிரஸ்ஸோடயா போறது?” என்றான் பரத்.

“காயறதுக்குள்ள போயிடலாம். அப்பத்தான் நம்புவாங்க” என்று சொல்லிவிட்டு, அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.